ஷோன்பெர்க் காதில் ஏறவே மாட்டேன் என்கிறார், என்ன செய்வது?

அரைச்சுரம்:

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேற்கத்திய செவ்வியல் இசையைப் பத்து வருடத்துக்கு மேலாகக் கேட்கிறேன். பாக், பீத்தோவன், பிராம்ஸ் எல்லாம் எப்போது போனாலும் கதவைத் திறந்துவிடுகிறவர்கள். மாலரின் ஒன்பதாவது சிம்பொனி வரைக்கும் ஒரு சிக்கலும் இல்லை. டெபுஸ்ஸி பிடிக்கும். ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘வசந்தச் சடங்கு’ 1913இல் பாரிஸில் முதன்முதலாக மேடையேறியபோது கூச்சலும் கலாட்டாவுமாக இருந்ததாமே, எனக்கு அது முதல் தடவையே உடம்பில் ஏறிவிட்டது. அதற்கு அடுத்த வாசலில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

மூன்று மாதமாக விடாமல் கேட்பது இரண்டே இரண்டு படைப்புகள். ஒன்று ஷோன்பெர்க்கின் ஓபஸ் 31 (ஓபஸ் என்றால் படைப்பு எண்), ஆர்கெஸ்ட்ராவுக்கான வேரியேஷன்கள். இன்னொன்று பிரெஞ்சு இசையமைப்பாளர் பூலெஸின் இரண்டாவது பியானோ சொனாட்டா. வாரத்துக்கு இரண்டு மூன்று முறையாவது உட்கார்ந்து, போனை அணைத்துவிட்டு, ஒழுங்காகத்தான் கேட்கிறேன். முடிந்த மறுநிமிடம் ஒரு துணுக்கைக்கூட முணுமுணுக்க வருவதில்லை. நீர்மேல் எழுத்து மாதிரி வந்த தடமே இல்லாமல் போய்விடுகிறது. நிற்க ஒரு இடம் கிடைத்தால் போதும், மீதியை நான் பார்த்துக்கொள்வேன் என்றுதான் ஒவ்வொரு தடவையும் தோன்றுகிறது, அந்த ஒரு இடம்தான் கிடைக்க மாட்டேன் என்கிறது.

பன்னிரு சுர முறை பற்றியும் படித்தேன். 12 சுரங்களையும் ஒரு வரிசையாக அடுக்கி, அதைப் பின்னிருந்து முன்னாக, தலைகீழாக, வேறு சுருதிக்கு மாற்றி என்று பயன்படுத்துவது. ஓபஸ் 31இன் வரிசையைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு அதைக் காதால் துரத்திப் பார்த்தேன். நாலு சுரம் போனதும் ஆள் தொலைந்துவிடுகிறேன்.

என் காதில்தான் கோளாறா, இசை இலக்கணம் முறையாகப் படித்தால்தான் இது திறக்குமா, இல்லை (கோபித்துக்கொள்ளாதீர்கள்) எல்லோரும் சேர்ந்து ரசிக்கிற மாதிரி நடிக்கிறோமா?

வயோலாக்காரன்:

முதலில் அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போடுங்கள். இதை நான் சொல்லவில்லை, ஷோன்பெர்க்கே கிட்டத்தட்ட அதைத்தான் சொல்லியிருக்கிறார். வயலின் கலைஞர் ருடால்ஃப் கோலிஷ் அவருடைய மைத்துனர். ஷோன்பெர்க்கின் மூன்றாவது குவார்டெட்டின் (நாலு தந்திக் கருவிகளுக்கான படைப்பு) சுர வரிசையை உட்கார்ந்து பிரித்து எடுத்துவிட்டு அவருக்கு எழுதினார். 1932இல் வந்த பதிலின் சாரம் இதுதான்: இவ்வளவு உழைத்திருக்கிறீர்கள், ஆனால் இதிலிருந்து படைப்பு எப்படிச் செய்யப்பட்டது என்று தெரியுமே தவிர, அது என்ன என்று தெரியாது. பாராட்டை எதிர்பார்த்து எழுதிய மைத்துனருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. வரிசை என்பது அவருடைய பட்டறைச் சாமான். நாற்காலியில் உட்காருகிறவன் உளியைத் தேட வேண்டியதில்லை.

உங்கள் காதிலும் கோளாறில்லை. இந்த இசை ஏன் கடினம் என்பதற்கு நான் பார்த்த நல்ல விளக்கம் அவருடைய மாணவர் ஆல்பன் பெர்க் எழுதியது. 1924இல், ஷோன்பெர்க்கின் 50ஆவது பிறந்தநாளுக்காக, அவருடைய இசை புரிந்துகொள்ள ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். எடுத்துக்காட்டாக அவர் எடுத்துக்கொண்டது நீங்கள் நினைக்கிற மாதிரி ஏதோ சுருதியே இல்லாத படைப்பு அல்ல. முதலாவது குவார்டெட், டி மைனர், ஒழுங்காகச் சுருதிக்குள் நிற்கிற படைப்பு. அதன் முதல் பத்து பார்களை (பார் என்றால் ஒரு தாளச் சுற்று) மட்டும் வைத்துக்கொண்டு அவர் காட்டுவது: கடினத்துக்குக் காரணம் சுருதி இல்லாமல் போனது அல்ல, அடர்த்தி. ஒரே நேரத்தில் மூன்று நான்கு குரல்கள், ஒவ்வொன்றும் தன் போக்கில் முக்கியமானது. வாக்கியங்கள் நாலு நாலு பாராக வெட்டினாற்போல் வருவதில்லை, இரண்டரை, மூன்று, ஒன்றரை என்று வருகின்றன. சொன்னதை அப்படியே திரும்பச் சொல்வதே இல்லை, சொல்லும்போதே அது வேறொன்றாக மாறிவிடுகிறது.

பல்லவிக்குத் திரும்பாத பாட்டை நினைத்துப் பாருங்கள். காது எங்கே மூச்சு வாங்கும்?

எனக்கு இது சந்தி பிரிக்காமல் அச்சிட்ட பழைய செய்யுள் மாதிரி. ஒவ்வொரு எழுத்தும் தெரியும், சொற்களும் தெரிந்த சொற்கள்தான், ஆனால் எங்கே ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று பிடிபடாததால் முழு வரியும் ஒரே சத்தமாகக் கேட்கும். யாராவது ஒருமுறை பிரித்து வாசித்துக் காட்டினால் போதும், அதற்குப் பிறகு பிரிக்காத வரியையே படிக்கலாம். சுவாரசியம் என்னவென்றால் ஷோன்பெர்க்குக்கே இந்தச் சிரமம் தெரிந்திருக்கிறது. தன் ஸ்கோர்களில், அதாவது அச்சிட்ட சுரப் பிரதிகளில், எது முதன்மைக் குரல், எது துணைக் குரல் என்று எச், என் என்ற இரண்டு எழுத்துகளை அடைப்புக்குறி மாதிரி போட்டுக் காட்டுவார். நீங்கள் கேட்கிற ஓபஸ் 31 ஸ்கோரிலும் இருக்கிறது. வாசிக்கிறவர்களுக்காகப் போட்டதுதான், கேட்கிறவர்களுக்கும் உதவும். ஸ்கோரைப் படிக்க வராவிட்டாலும் பரவாயில்லை, அந்த எச் எங்கே தாவுகிறது என்று மட்டும் விரலால் தொடர்ந்தால்கூடப் பாதி மூட்டம் விலகும்.

அதற்காக ஓபஸ் 31ஐயே கட்டிக்கொண்டு அழ வேண்டாம். தேர்வு தப்பு. நீச்சல் தெரியாதவர் நேராகக் கடலில் குதித்த கதை. ஓபஸ் 19, ஆறு சின்னப் பியானோத் துண்டுகள். முதல் ஐந்தையும் 1911 பிப்ரவரியில் ஒரே நாளில் எழுதினார். ஆறும் சேர்ந்தே ஐந்தாறு நிமிடம்தான். அதிலும் இரண்டாவதை மட்டும் எடுங்கள். ஒன்பது பார். ஜி, பி என்ற இரண்டு சுரங்கள் சேர்ந்து தட்டிக்கொண்டே இருக்கும், யாரோ மெதுவாகக் கதவைத் தட்டுகிற மாதிரி. அதைச் சுற்றி மற்றது வந்து போகும். நீங்கள் கேட்டீர்களே நிற்க ஓர் இடம், இதோ இருக்கிறது. ஒரு நாளைக்கு நாலு தடவை கேட்டாலும் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இரண்டு வாரம் வேறெதுவும் வேண்டாம்.

அது பழகியதும் ஆறாவது. அதுவும் ஒன்பது பார்தான். மாலர் 1911 மே மாதம் இறந்தார், இது ஜூனில் எழுதியது, மாலரின் அடக்கத்தை நினைத்து எழுதியதாகச் சொல்வார்கள். தூரத்து மணி மாதிரி இரண்டு கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கிற சுரக் கொத்துகள்), இடையில் கிட்டத்தட்ட மௌனம். மாலரின் ஒன்பதாவது எப்படி முடிகிறது என்று தெரிந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, பிராம்ஸ் பிடிக்கும் என்றீர்களே, நல்லதாகப் போயிற்று. ஷோன்பெர்க் தன்னைப் புரட்சிக்காரர் என்று நினைத்துக்கொண்டவரே இல்லை. பிராம்ஸ் எவ்வளவு முற்போக்கானவர் என்று விளக்கித் தனியாக ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். இரண்டு மூன்று சுரம் உள்ள ஒரு துணுக்கை எடுத்து, அதை மாற்றி மாற்றியே மொத்தத்தையும் வளர்க்கிற வேலையை அங்கிருந்துதான் எடுத்தார்.

பழையகாது:

இந்த மாதிரிக் கேள்வி வந்தால் எப்போதும் “இன்னும் பத்து தடவை கேளுங்கள்” என்ற பதில்தான் வரும். எதை வேண்டுமானாலும் பத்து தடவை கேட்டால் பழகிவிடும். மின்விசிறிச் சத்தம் இல்லாமல் தூக்கம் வராதவர்கள் இருக்கிறார்கள், அதனால் மின்விசிறி இசையமைப்பாளர் ஆகிவிடுமா? பழக்கம் வேறு, ரசனை வேறு.

பீத்தோவனின் ‘கிராஸ ஃப்யூக்’ குவார்டெட்டையும் அன்று திட்டினார்கள் என்று அடுத்து யாராவது சொல்ல வருவீர்கள். திட்டு வாங்கியதெல்லாம் கிராஸ ஃப்யூக் ஆகிவிடாது.

நான் இருபது வருடமாக இந்தப் பக்கம் போய் வருகிறேன். பெர்க் பிடிக்கும், ஷோன்பெர்க்கின் இன்னொரு மாணவரான வெபர்னில் பாதி பிடிக்கும். பூலெஸின் ‘ஸ்ட்ரக்சர்ஸ்’ முதல் பாகத்தை எத்தனை தடவை கேட்டேன் என்று எனக்கே தெரியாது, இன்றைக்கும் வெறும் பொத்தல் பொத்தலான சத்தம்தான். காரணமும் தெரியும். 1951இல் அதை எழுதியபோது அவர் சுரத்தை மட்டும் வரிசைப்படுத்தவில்லை, ஒவ்வொரு சுரமும் எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும், எவ்வளவு சத்தமாக, எப்படித் தட்ட வேண்டும் என்று எல்லாவற்றையும் வரிசைக்குள் கொண்டுவந்தார். வரிசைகூட அவருடையது இல்லை, அவருடைய ஆசிரியர் மெசியானின் ஒரு பியானோப் படைப்பிலிருந்து எடுத்தது. இசையமைப்பாளர் லிகெட்டி 1958இல் அதை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துக் காட்டினார், விதிகளைத் தேர்ந்தெடுத்த பிறகு இயந்திரம் தானே ஓடுகிற மாதிரி. எல்லாமே ஒவ்வொரு நொடியும் மாறினால் காதுக்கு அது எதுவுமே மாறாத மாதிரிதான். இதை ரசிக்க முடியவில்லை என்று சொல்ல நான் ஏன் வெட்கப்பட வேண்டும்?

அதே 1958இல்தான் அமெரிக்க இசையமைப்பாளர் மில்டன் பாபிட், உயர் கணிதம் எல்லோருக்கும் புரிய வேண்டும் என்று யாரும் கேட்பதில்லையே, இசையிடம் மட்டும் ஏன் கேட்கிறீர்கள் என்று எழுதினார். “நீங்கள் கேட்டால் என்ன, கேட்காவிட்டால் என்ன” என்பது போன்ற தலைப்பு பத்திரிகை ஆசிரியர் வைத்தது, பாவம், அந்தப் பழியை அவர் சாகும்வரை சுமந்தார். ஆனால் உள்ளே இருக்கிற வாதமும் எனக்கு உவப்பானதில்லை.

அதனால் அரைச்சுரம், ஷோன்பெர்க்கைக் கேட்டுப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பூலெஸ் சொனாட்டாவை மூன்று மாதம் கேட்டும் ஒட்டவில்லை என்றால் மூடி வைத்துவிட்டுப் போங்கள். இது பரீட்சை இல்லை.

செலஸ்டா:

பழையகாது சொல்வதில் கடைசி வரி சரி, முதல் வரி தப்பு. மின்விசிறி நின்றால் உங்களுக்கு என்னவோ குறைகிறது, அவ்வளவுதான். அது எந்த இடத்தில் தவறாகச் சுற்றியது என்று உங்களால் சொல்ல முடியாது. ஒரு படைப்பு பழகியபின், வேறொரு கலைஞர் அதே இடத்தை அவசரமாகத் தாண்டிப் போகும்போது “ஐயோ, அங்கே நின்றிருக்க வேண்டும்” என்று தோன்றுகிறதல்லவா, அது வெறும் பழக்கத்தால் வருவதில்லை. ஓபஸ் 19இன் ஆறாவதை இரண்டு மூன்று பியானோக் கலைஞர்களிடம் கேட்டுப் பாருங்கள். அந்த மணிக் கார்டுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியில் ஒருவர் செத்துப்போயிருப்பார், இன்னொருவர் காத்துக்கொண்டிருப்பார்.

திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும் என்பதும் இப்போது நாம் கண்டுபிடித்த சாக்கு இல்லை. 1918இல் ஷோன்பெர்க் வியன்னாவில் தனிப்பட்ட இசை நிகழ்ச்சிகளுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார். 1921 வரை நடந்தது. என்ன வாசிக்கப்போகிறோம் என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள், கைதட்டக் கூடாது, விமர்சகர்களுக்கு அனுமதி இல்லை, ஒரே படைப்பை மறுபடியும் மறுபடியும் நிகழ்ச்சியில் வைப்பார்கள். புதுசு ஒருமுறையில் புரியாது என்பதை ஒரு குறையாக நினைக்காமல், அதற்கு ஏற்றபடி அரங்கையே மாற்றினார்கள். அதற்கு ஐந்து வருடம் முன்னால் 1913 மார்ச்சில் அதே ஊரில் அவர் நடத்திய நிகழ்ச்சியில் பெர்க்கின் பாடல்கள் வந்தபோது அடிதடி ஆகி, கடைசியில் இருந்த மாலர் பாடல்களை வாசிக்கவே முடியாமல் நிறுத்த வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்து யோசித்தால் கைதட்டலுக்குத் தடை ஏன் என்று புரியும்.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. அரைச்சுரம், நீங்கள் மெட்டைத் தேடுகிறீர்கள், முடிந்ததும் முணுமுணுக்க வரவில்லை என்கிறீர்கள். மெட்டே இல்லாத பக்கமாக ஒருமுறை சுற்றிவிட்டு வாருங்களேன். எனக்கு இந்த உலகம் திறந்தது ஷோன்பெர்க் வழியாக இல்லை, லிகெட்டி வழியாக. ‘அட்மாஸ்ஃபியர்ஸ்’, 1961. 56 தந்திக் கருவிகளுக்கும் தனித்தனி வரி எழுதியிருக்கிறார், ஒரு டிரம் கிடையாது, தாளம் என்று பிடிக்க எதுவும் கிடையாது. அத்தனை வரியும் உள்ளே நெளிந்துகொண்டிருக்க, வெளியே கேட்பது ஒரே ஒரு மேகம். அது நகர்கிறதா நிற்கிறதா என்றே தெரியாது. நடுவில் ஓர் இடத்தில் மேகம் மேலே மேலே ஒடுங்கி, பிக்கோலோக்கள் (சின்னப் புல்லாங்குழல்கள்) தாங்க முடியாத உச்சியில் கீச்சிட்டு, சட்டென்று தரை உடைந்த மாதிரி டபுள் பேஸ்கள் அடியில் வந்து விழும். முதல் தடவை நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். அதை ரசிக்க ஒரு பாடமும் வேண்டாம். குப்ரிக் 1968இல் தன் விண்வெளிப் படத்தில் இதைப் போட்டார், லிகெட்டியிடம் கேட்காமலே. படம் பார்த்த லட்சக்கணக்கான பேர் இது கடினமான இசை என்று தெரியாமலே கேட்டுவிட்டு வந்தார்கள்.

ஜெனாக்கிஸின் ‘மெட்டாஸ்டாசிஸ்’ அடுத்து. கட்டிடக்கலை அலுவலகத்தில் வேலை பார்த்த பொறியாளர் அவர். 46 தந்திக் கருவிகள் ஒரே ஜி சுரத்தில் தொடங்கி, ஒவ்வொன்றும் தன் தன் சரிவில் வழுக்கிக்கொண்டு விசிறி மாதிரி விரியும். பழையகாது, உங்கள் மின்விசிறி இல்லை, இது கைவிசிறி.

அப்புறம் ஹெட்போனை மட்டும் நம்பாதீர்கள். வாய்ப்புக் கிடைத்தால் நேரில் பாருங்கள், இல்லையென்றால் வாசிப்பவர்கள் தெரிகிற வீடியோவாவது. யார் யாரைப் பார்த்துத் தலையசைக்கிறார்கள், வில்லை எங்கே தூக்கிக் காத்திருக்கிறார்கள் என்று பார்த்தாலே வாக்கியம் எங்கே முடிகிறது என்று தெரிந்துவிடும். வயோலாக்காரர் சொன்ன சந்தி பிரிப்பதை அவர்கள் உடம்பே செய்து காட்டும்.

வயோலாக்காரன்:

செலஸ்டா சொன்ன வீடியோ யோசனைக்கு இரண்டு கையையும் தூக்குகிறேன். நான் வயோலாவைத் தொழிலாக வாசிப்பவன் இல்லை, வாரம் ஒருநாள் நாலு பேர் கூடி வாசிக்கிற ஆள். வெபர்னின் ஓபஸ் 5ஐ எடுத்தபோது முதல் மூன்று வாரம் எண்ணிக்கொண்டே இருந்தோம், இசை என்று எதுவும் நடக்கவில்லை. நாலாவது வாரம் செல்லோ வாசிப்பவர் எண்ணுவதை விட்டுவிட்டு என்னைப் பார்த்து வாசித்தார், அப்போதுதான் எனக்கு வரும் அந்த ஒற்றைச் சுரம் அவர் விட்டுப்போன வாக்கியத்தின் கடைசிச் சொல் என்று தெரிந்தது. அதுவரை அதை எனக்குப் போட்ட பிச்சை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வயோலாவுக்கு எப்போதும் அப்படித்தானே.

பழையகாது, ‘ஸ்ட்ரக்சர்ஸ்’ விஷயத்தில் உங்களோடு சண்டையில்லை. நானும் அதைக் கேட்பதில்லை.

அரைச்சுரம்:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். சொன்னபடி ஓபஸ் 19 இரண்டாவது மட்டும், பிறகு ஆறாவது. இடையில் ஆசைப்பட்டு ‘அட்மாஸ்ஃபியர்ஸ்’ மூன்று தடவை. பிக்கோலோ இடத்தில் எனக்கும் அதே கதிதான், எச்சரித்திருக்கலாம்.

ஓபஸ் 19 பற்றி உள்ளதைச் சொல்கிறேன். முதல் மூன்று நாள் அந்த ஜி, பி தட்டல் மட்டும் கேட்டது, மற்றதெல்லாம் குறுக்கே வருகிற தொந்தரவு. நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, தட்டல் வரவேண்டிய இடத்தில் வராமல் கொஞ்சம் தள்ளி வருகிறது என்பதைக் கவனித்தேன். அதாவது அது எப்போது வரும் என்று நான் எதிர்பார்க்க ஆரம்பித்திருக்கிறேன்! நேற்று பல் துலக்கும்போது அதைத் தட்டிக்கொண்டிருந்தேன். பிடித்திருக்கிறதா என்று கேட்டால் இன்னும் தெரியவில்லை. ஆனால் இப்போது அது ஒரு சத்தமாக இல்லை.

வரிசைக் காகிதம் கிழித்தாயிற்று. அடுத்து என்ன?

வயோலாக்காரன்:

பல் துலக்கும்போது வந்துவிட்டதா, அப்படியானால் கவலையில்லை. ஷோன்பெர்க்குக்கே உள்ளுக்குள் இருந்த ஆசை அதுதான். 1947இல் இசை நடத்துநர் ஹான்ஸ் ரோஸ்பாடுக்கு எழுதிய கடிதத்தில், என்னைக் கொஞ்சம் மேலான ஒரு சைகோவ்ஸ்கியாக நினைத்து, என் மெட்டுகளைத் தெரிந்துகொண்டு ஜனங்கள் விசிலடித்தால் போதும் என்கிற மாதிரி எழுதியிருப்பார். வயது எழுபதைத் தாண்டிய மனிதர்.

அடுத்தது பெர்க்கின் வயலின் கான்செர்ட்டோ. 1935. இதை நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டும் என்று பலர் சொல்வார்கள், எனக்கென்னவோ இந்த இரண்டு வார வறட்சிக்குப் பிறகு கேட்பதுதான் சரி என்று படுகிறது. மாலரின் மனைவியாக இருந்த ஆல்மாவின் மகள் மனோன் குரோப்பியஸ் 18 வயதில் போலியோவில் இறந்தாள். பெர்க் அப்போது ‘லுலு’ ஆபெரா வேலையில் இருந்தார், அதை அப்படியே நிறுத்திவிட்டு அந்தக் கோடையில் இதை எழுதினார், ஒரு தேவதையின் நினைவுக்கு என்று அர்ப்பணித்து. அந்த டிசம்பரிலேயே அவரும் இறந்துவிட்டார். ‘லுலு’ முடியவில்லை. கான்செர்ட்டோ அடுத்த ஏப்ரலில் பார்சிலோனாவில் அரங்கேறியது, எழுதியவர் அதை ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

இதுவும் பன்னிரு சுரப் படைப்புதான். ஆனால் பெர்க் தன் வரிசையை எப்படி அடுக்கியிருக்கிறார் பாருங்கள் (காகிதத்தை மறுபடி எடுக்க வேண்டாம், சும்மா தெரிந்துகொள்ளுங்கள்): ஜி மைனர், டி மேஜர், ஏ மைனர், இ மேஜர் என்று பழைய கார்டுகளாகவே ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிறது. ஜி, டி, ஏ, இ என்றால் என்ன? வயலினின் நாலு தந்திகள். எதையும் அழுத்தாமல் வில்லை மட்டும் குறுக்கே இழுத்தால் வருகிற நாலு சுரம். படைப்பு தொடங்குவதே அப்படித்தான், யாரோ வயலினை எடுத்துச் சுருதி சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. வரிசையின் கடைசி நாலு சுரம் முழுச்சுர இடைவெளியில் ஏறுகிறது. பாக்கின் ஒரு பழைய கோரேல் (தேவாலயப் பாட்டு) இதே நாலு சுரத்தில்தான் தொடங்கும், “போதும், ஆண்டவரே” என்ற பொருள்படும் பாட்டு. இரண்டாம் பாகத்தில் பெரிய கொந்தளிப்பு ஒன்று முடிந்தபின், வயலின் அந்தக் கோரேலைப் பாடும், பின்னாலேயே கிளாரினெட்டுகள் மட்டும் அதைப் பாக் எழுதிய பழைய ஹார்மனியோடே வாசிக்கும், சின்ன ஆர்கன் மாதிரி. இருநூறு வருடப் பழைய இசை, ஒட்டுப் போட்ட தடமே தெரியாமல் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கும்.

இதற்கு மேல் சொன்னால் கெட்டுவிடும். கேளுங்கள்.

பழையகாது:

இதில் நானும் வாயைத் திறக்க மாட்டேன். ஒன்று மட்டும்: அந்தக் கிளாரினெட் இடத்துக்கு நேராகத் தள்ளிக்கொண்டுபோய்க் கேட்காதீர்கள். கொந்தளிப்பைக் கடந்துதான் அங்கே போக வேண்டும், இல்லாவிட்டால் அது வெறும் பாக்.

அரைச்சுரம்:

மூன்று தடவை கேட்டாயிற்று. முதல் தடவை கிளாரினெட் வந்தபோது எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன், அவ்வளவுதான் சொல்வேன். மூன்றாவது தடவைதான் கடைசிப் பக்கத்தில், வயலின் எங்கோ உச்சியில் நின்றுகொண்டிருக்க, தொடக்கத்தில் வந்த அந்த வெறுந்தந்திச் சுரங்கள் அடியில் திரும்ப வருவதைக் கேட்டேன். இரண்டு தடவை அது என் காதைத் தாண்டிப் போயிருக்கிறது!

இப்போது ஓபஸ் 31க்குத் திரும்பிப் போகலாமா?

வயோலாக்காரன்:

வேண்டாம், அவசரப்படாதீர்கள். நான் சொன்னேனே வெபர்ன் ஓபஸ் 5, அதில் நாலாவது. 13 பார். இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். முழுக்க முழுக்க ரகசியம் பேசுகிற சத்தத்தில். அதில் ஏழு சுரம் உள்ள ஒரு துணுக்கு மெல்ல மேலே ஏறிப் பறந்து போய்விடும். அது மூன்று முறை வருகிறது, மூன்று முறையும் வேறு வேறு உயரத்தில். வேறெதையும் தேட வேண்டாம்.

அரைச்சுரம்:

இப்போதுதான் போட்டுப் பார்த்தேன். முதல் தடவை ஒன்றும் தெரியவில்லை. மறுபடி போட்டேன், பறந்து போகும்போது அட இதுதானா என்று பிடிபட்டது, ஆனால் அது முதலாவதா இரண்டாவதா என்று தெரியாமல் நிறுத்தி முதலிலிருந்து போட்டேன். மூன்றாவதுக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். வந்தது, போய்விட்டது, அதோடு எல்லாமே முடிந்துவிட்டது. இன்னொரு தடவை போடுகிறேன்.